பெயர் சொல்லி அழைத்த காலம்

தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் முன்னோர், கிராணி தம் பெயரைக் கூப்பிடக் கேட்ட பின்னரே பால்மரத்துக்குச் சென்றனர். பெயர் கூப்பிடப்படாதவனுக்கு அன்று வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குக் கூலியும் இல்லை. பெயருக்கும் சோற்றுக்கும் உள்ள உறவை நம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆதலின், ஒரு மாநகரம் தன் டெலிபோன்களை எல்லாம் பல ஆண்டுகள் பெயர் சொல்லி அழைத்து வந்து, பின்னர் அப்பெயர்களை நீக்கி எண்களை மட்டும் வைத்துக்கொண்ட வரலாறு, கேட்பதற்குச் சிறியதாயினும் நமக்கு அயலானதன்று என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம். அம்மாநகரம் இலண்டன்.

இன்றைய இளைஞர் தம் தந்தையின் கைப்பேசி எண்ணைக்கூட மனத்தில் வைத்திருப்பதில்லை. பெயரைத் தொட்டால் எண் தானே ஓடுகிறது. எண்ணை மனிதன் சுமந்ததும், அதனைச் சுமப்பதற்குப் பெயர் ஒரு சும்மாடாய் இருந்ததும் இவர்கள் அறியாத காலத்துச் செய்திகள்.

கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டில் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றாண்டுகள் கழித்து, 1879இல், இலண்டனில் கோல்மன் வீதியில் முதல் டெலிபோன் நிலையம் திறக்கப்பட்டது. நிலையம் என்றால் ஒரு பெரிய பலகை. அப்பலகையில் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு துளை. பலகையின் முன்னே கையில் கம்பிகளுடன் ஒருவர். நாம் கருவியை எடுத்தவுடன் அவர் குரல் கேட்கும். யாருடன் பேச வேண்டும் என்று சொன்னால், நம் துளைக்கும் அவர் துளைக்கும் கம்பியால் பாலமிடுவார். சந்தாதாரர் சிலரே இருந்தவரை ஆளின் பெயரைச் சொன்னாலே போதும், எண் தேவைப்படவில்லை.

எண் எப்படி வந்தது என்பது சுவையான கதை. அதே 1879இல் அமெரிக்காவின் லோவல் என்னும் நூற்பாலை நகரில் தட்டம்மை பரவிற்று. அந்நகரின் மருத்துவர் மோசஸ் பார்க்கர் என்பவருக்கு ஓர் அச்சம் எழுந்தது. பலகை முன் அமர்ந்தோர் நோயில் விழுந்தால், எந்தத் துளை எவருடையது என்பதைப் புதிதாய் வருவோர் எங்ஙனம் அறிவர்? சந்தாதாரர்க்கு எண் கொடுத்துவிட்டால் எவரும் அவ்வேலையைச் செய்யலாமே என்றார் அவர். மக்கள் முதலில் முகஞ்சுளித்தனராம். மனிதரை எண்ணால் குறிப்பது சிறைச்சாலை வழக்கமன்றோ! எனினும் எண் நிலைத்தது. ஆக, டெலிபோன் எண்ணைப் பெற்றெடுத்தது அம்மை நோய் என்று சொன்னால் தவறாகாது. மாரியம்மன் பெயரைச் சொல்லிப் பூசாரிகள் பிழைத்த காலத்தில், அதே நோயைக் கண்டு ஒரு மருத்துவர் இப்படி ஒன்றைச் சிந்தித்தார் என்பதை இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.

இலண்டன் போன்ற பெருநகரில் எண் மட்டும் போதவில்லை. பகுதிதோறும் நிலையங்கள் எழுந்தன. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பெயர். அப்பெயரின் கீழ் எண்கள். ஹோல்போர்ன், மேஃபேர், ரீஜண்ட், பேஸ்வாட்டர், விக்டோரியா என்று இடத்தின் பெயரே பெரும்பாலும் நிலையத்தின் பெயராயிற்று. ‘மேஃபேர்’ என்று சொல்லி எண்ணைச் சொன்னால், நம் நிலையத்துப் பெண் மேஃபேர் நிலையத்துப் பெண்ணை அழைப்பாள். அவள் உரிய துளையில் கம்பியைச் செருகுவாள். ஓர் உரையாடலுக்கு இரண்டு பெண்களின் நாவும் கையும் வேண்டியிருந்தன.

பெண்கள் என்றோம். பகலில் அப்பலகைகளின் முன் அமர்ந்திருந்தவர் பெண்களே. இரவில் ஆண்கள் வந்தமர்ந்தனர். 1912ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று நேஷனல் டெலிபோன் கம்பெனியின் நிலையங்கள் அஞ்சல் துறையின் கீழ் வந்தபின், இப்பெண்கள் அரசாங்க ஊழியராயினர். படித்த பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே மதிப்பான வேலையாக அது விளங்கிற்று என்பதில் ஐயமில்லை. ஆயின் அந்த மதிப்பின் விலை யாது? மணம் முடித்தால் வேலையை விட வேண்டும்! அரசாங்க ஊழியத்தில் இவ்விதி 1946ஆம் ஆண்டு வரை நீடித்தது. ஆயிரமாயிரம் மனிதரை ஒருவரோடொருவர் இணைத்துவைத்த கை, தனக்கென ஓர் இணைப்பைத் தேடிக்கொண்ட அன்றே பலகையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. பெண்ணுரிமை பேசும் நாடுகளிலும் இப்படித்தான் இருந்தது என்பதை நம் வாசகர் அறிந்திருத்தல் நலம். ‘மேனாட்டில் எல்லாம் செம்மை’ என்று கூறும் நண்பர்க்கும், ‘மேனாட்டில் எல்லாம் கேடு’ என்று கூறும் நண்பர்க்கும் இதில் பாடம் உண்டு.

இனி இயந்திரத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் சவ அடக்கத் தொழில் நடத்தி வந்தார். நிலையத்துப் பெண் தமக்கு வர வேண்டிய அழைப்புகளை வேறொரு தொழிற்போட்டியாளர்க்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவர் ஐயுற்றதாகக் கதை வழங்குகிறது. அந்த ஐயம் மெய்யோ பொய்யோ, பெண்ணின் கையின்றித் தானே இணைக்கும் பொறி ஒன்றை அவர் உண்டாக்கி 1891இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டில் லா போர்ட் என்னும் ஊரில் அது வேலை செய்யத் தொடங்கிற்று. பிணம் அடக்குவோரின் போட்டியிலிருந்து இன்றைய தானியங்கித் தொடர்பு பிறந்தது!

சிற்றூருக்கு அப்பொறி எளிதில் பொருந்திற்று. இலண்டனுக்குப் பொருந்துவது எளிதாயில்லை. பத்துக் கணக்கான நிலையங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பல வழிகள். சில நிலையங்களில் இயந்திரம், சிலவற்றில் இன்னும் பெண்கள். இந்த நகரில், எங்கிருந்து அழைத்தாலும் ஒரே எண்ணைச் சுழற்றினால் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். அதற்கென ‘டைரக்டர்’ என்னும் முறை வகுக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஹோல்போர்ன் நிலையம் இம்முறையில் திறக்கப்பட்டது. சந்தாதாரர் சுழற்றும் முதல் மூன்று இலக்கங்களை டைரக்டர் பொறி தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளும்; அவை குறிக்கும் நிலையம் எது, அங்குச் செல்லும் வழி எது என்று தானே தெரிந்து, அவ்வழிக்குரிய வேறு இலக்கங்களைத் தானே அனுப்பும். வழி கேட்போனுக்கு வழி சொல்லி அனுப்பாமல், கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடும் நல்லவனைப் போன்றது அது. அழைக்கப்பட்ட நிலையம் இன்னும் பெண்கள் அமர்ந்த பழைய நிலையமாயின், சுழற்றிய எண் அப்பெண்ணின் முன்னே ஒளியெழுத்தாய்த் தோன்றும். அதைக் கண்டு அவள் கம்பியைச் செருகுவாள். இயந்திரமும் மனிதரும் இங்ஙனம் ஒரு தலைமுறை காலம் அருகருகே உழைத்தனர்.

அந்த முதல் மூன்று இலக்கங்களை மக்கள் எவ்வாறு நினைவிற் கொள்வர்? அங்கேதான் பெயர் கைகொடுத்தது. டெலிபோனின் சுழல்வட்டில் எண்களோடு ஆங்கில எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. 2 என்னும் துளையில் ஏ, பி, சி என்று தொடங்கி, 9இல் டபிள்யூ, எக்ஸ், ஒய் என்று முடிந்தன. உருவத்தில் சுழியை ஒத்த ஓ என்னும் எழுத்து சுழியோடே வைக்கப்பட்டது. நிலையத்துப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைச் சுழற்ற வேண்டும், அவ்வளவே. ஹோல்போர்ன் என்றால் எச், ஓ, எல். சுழல்வட்டில் அது 405. மேஃபேர் என்றால் எம், ஏ, ஒய்; அது 629. டெலிபோன் புத்தகத்திலும் வணிகர் கடிதத்தாள்களிலும் அம்மூன்று எழுத்துகளும் பெரியனவாய் அச்சிடப்பட்டன. மனிதன் பெயரை நினைத்தான். விரல் எண்ணைச் சுழற்றிற்று. பெயரும் எண்ணும் ஒன்றையொன்று சுமந்தன.

ஆயினும் இம்முறைக்குள் ஒரு முடிச்சு இருந்தது. ஒரு துளையில் மூன்று எழுத்துகள் இருப்பதால், வேறு வேறு பெயர்கள் ஒரே எண்ணாகிவிடும். மேற்கு இலண்டனில் ஆக்டன் என்று ஓர் ஊர். ஆற்றுக்குத் தெற்கே பாட்டர்சீ என்று ஓர் ஊர். முன்னதன் முதல் மூன்று எழுத்துகளைச் சுழற்றினாலும் 228. பின்னதன் எழுத்துகளைச் சுழற்றினாலும் 228. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. ஒன்று விலக வேண்டும். பாட்டர்சீ தன் பெயரை வைத்துக்கொண்டது. ஆக்டனின் நிலையம் ‘ஏக்கார்ன்’ ஆயிற்று. ஏக்கார்ன் என்பது ஓக் மரத்தின் கொட்டை. ஆக்டன் என்ற ஊர்ப்பெயருக்கே பழைய ஆங்கிலத்தில் ஓக் மரத்து ஊர் என்பது பொருள். மரத்தின் பெயரை எடுத்துக்கொண்டு அதன் விதையின் பெயரைத் திருப்பித் தந்தனர்! அப்பெயரைத் தேர்ந்தவர் மொழியறிவும் குறும்பும் ஒருங்கே உடையவராய் இருந்திருக்க வேண்டும்.

கிரிக்கிள்வுட் என்னும் பகுதிக்கும் பிரிக்ஸ்டனுக்கும் இதே வழக்கு, இரண்டும் 274. பிரிக்ஸ்டன் நிலைத்தது. கிரிக்கிள்வுட்டாரின் நிலையம் ‘கிளாட்ஸ்டன்’ என்று வழங்கிற்று. நான்கு முறை பிரதம மந்திரியாய் இருந்த கிளாட்ஸ்டன் அப்பகுதியில் நண்பர் வீட்டில் தங்குவதுண்டு. அங்குள்ள பூங்காவும் அவர் பெயரையே தாங்குகிறது.

இடப்பெயர்கள் இங்ஙனம் மோதிக்கொண்டபோது அஞ்சல் துறையார் புலவர்களிடமும் கலைஞர்களிடமும் மாலுமிகளிடமும் சென்றனர். கவிஞர் போப் 1719 முதல் தம் இறுதி வரை வாழ்ந்த டுவிக்கனமில் நிலையத்தின் பெயர் ‘போப்ஸ்குரோவ்’. கவிஞர் பைரன் பயின்ற பள்ளி ஹாரோவில் உள்ளது. ஆங்கே ஒரு நிலையம் ‘பைரன்’. சிற்பி ஃபிளாக்ஸ்மனின் பெயர் செல்சீ பகுதிக்கும், வரலாற்றாசிரியர் மெக்காலேயின் பெயர் பாட்டர்சீக்கு அருகிலும் வழங்கின. கடலோடி ஃபிராபிஷரின் பெயர் கடலே காணாத ஏர்ல்ஸ் கோர்ட்டுக்கு வந்தது. கென்டிஷ் டவுனில் ‘கலிவர்’! ஸ்விஃப்ட் படைத்த அப்பயணி குள்ளர் நாட்டுக்கும் இராட்சதர் நாட்டுக்கும் போனதாய்ப் படித்திருக்கிறோம்; கென்டிஷ் டவுனுக்குப் போனதாய் எங்கும் இல்லை. பொறிக்கு மூன்று எழுத்து வேண்டியிருந்தது, கலிவர் கொடுத்தார். தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே பீர் வடிக்கப் பயன்படும் ஹாப் பூவின் வாணிகம் நடந்த பகுதியில் நிலையத்தின் பெயர் ‘ஹாப்’ என்றே இருந்தது. மூன்றே எழுத்து; ஒன்றும் மிச்சமில்லை. (கள்ளுக்கடை எதிரில் குடியிருந்த நம் தோட்டத்து லயங்களுக்கு டெலிபோன் நிலையம் வந்திருந்தால் என்ன பெயர் இட்டிருப்பரோ!)

மெக்காலேயின் பெயரைக் கண்டதும் நம் மனம் சற்று நின்றது. இந்தியர்க்கு ஆங்கிலக் கல்வியை வகுத்த குறிப்பினை 1835இல் எழுதியவர் அவரே. அவர் பெயரை அறியாமலே அன்றாடம் அதைச் சுழற்றிய இலண்டன்வாசிகள் எத்தனையோ பேர். நம் ஊரில் அவரைப் புகழ்வோரும் இகழ்வோரும் இன்றும் மேடைதோறும் உளர். அங்கோ அவர் 622.

பெயர் என்றால் அதற்குப் பின்னே ஏற்றத்தாழ்வும் வரும். மேஃபேர், குரோவ்னர், ஸ்லோன் என்னும் பெயர்களைத் தம் அட்டையில் அச்சிட்டவர்கள் ஒரு மிடுக்கோடு அச்சிட்டனர். கப்பல்துறைப் பக்கத்தில் ‘ஈஸ்ட்’ என்றும் ‘ஸ்டெப்னி கிரீன்’ என்றும் இருந்தோர் அப்படி மார்தட்ட இயலவில்லை. டெலிபோன் எண்ணைச் சொன்ன மாத்திரத்தில், சொல்பவர் குடியிருக்கும் தெரு இன்னது, அவர் வருவாய் இவ்வளவு, அவரைத் திண்ணையில் அமர்த்துவதா உள்ளே அழைப்பதா என்பதெல்லாம் கேட்பவர்க்கு விளங்கிவிடும். நம் நாட்டில் பெயரின் வாலைக் கேட்டு ஆளின் குலத்தை அளந்தனர். அங்கே பெயரின் தலையைக் கேட்டு அளந்தனர். வேறுபாடு அவ்வளவுதான்.

இப்பெயர்கள் எல்லாவற்றினுள்ளும் நமக்கு மிக அண்மையான பெயர் ஒன்று உண்டு. அதை இலண்டன்காரர் நினைத்துப் பார்ப்பதற்குச் சிறப்பான காரணம் ஏதுமில்லை, நமக்கு உண்டு. அது ‘மின்சிங் லேன்’.

மின்சிங் லேன் என்பது இலண்டன் நகரின் நடுவே ஒரு குறுந்தெரு. பழங்காலத்தில் கன்னித் துறவியரின் மடத்துக்கு உரிமையான இடமாதலின் துறவியரைக் குறிக்கும் பழஞ்சொல்லால் அப்பெயர் பெற்றதென்பர். துறந்தார் தெருவில் பிற்காலத்தில் குடியேறியது வாணிகம். தேயிலையும், வாசனைப் பொருள்களும், பின்னர் இரப்பரும் அங்கே விலைபோயின. மலாயாவின் தோட்டங்கள் பலவற்றுக்கு உரிமையுடைய கம்பெனிகளின் தலைமை அலுவலகங்களும், அவற்றின் இரப்பரை விற்றுக் கொடுத்த தரகர்களும் அதனைச் சூழ்ந்த வீதிகளில் இருந்தனர். அவர்கள் கடிதத்தாளின் தலைப்பில் தெருவின் பெயரும், தந்தி முகவரியும், அதன் கீழே டெலிபோன் வரியும் இருக்கும். மின்சிங் லேன், அதன்பின் நான்கு இலக்கம். எம், ஐ, என், சுழல்வட்டில் 646.

இந்தக் கம்பியில் என்ன பேசினர்? இறாத்தல் இரப்பர் இன்று எத்தனை பென்ஸ் என்று பேசினர். 1910ஆம் ஆண்டில் அந்த விலை பன்னிரண்டு சில்லிங்கையும் தாண்டிற்று. பால்மரம் பணமரமாயிற்று, காடுகள் அழிந்தன, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் புறப்பட்டன. 1929இல் உலக வாணிகம் சரிந்தது. 1932இல் அதே இறாத்தல் இரண்டு பென்ஸுக்கும் கீழே இறங்கிற்று. சில்லிங் ஒன்றுக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்பதை நினைவிற் கொண்டு வாசகரே கணக்கிட்டுக்கொள்க. 1930இல் தமிழ்நாட்டிலிருந்து உதவிச் செலவில் ஆள் கொணர்வது நிறுத்தப்பட்டது. அது முதல் 1932 வரையில் இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியர், வந்த கப்பல் வழியே திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் கூலி வெட்டுப்பட்டது. தோட்டத்தில் நின்றவனுக்குத் தெரிந்ததெல்லாம் கிராணி அன்று தன் பெயரைக் கூப்பிடவில்லை என்பதே. கங்காணியைக் கேட்டால் கிராணியைக் காட்டினான். கிராணி துரையைக் காட்டினான். துரை, சீமையில் விலை இல்லை என்றார். சீமை என்பது ஏதோ மேகத்துக்கு மேல் இருப்பது போலப் பேசப்பட்டது. அதற்குத் தெருவும் உண்டு, கதவும் உண்டு, டெலிபோனும் உண்டு, அந்த டெலிபோனுக்குப் பெயரும் உண்டு என்பதை எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் எங்கிருந்து சுழற்றுவான்? டெலிபோன் இருந்தது துரை பங்களாவில்.

இயந்திரமான டைரக்டர் பொறிக்கும், கம்பெனியை நடத்திய டைரக்டர்மார்க்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல்தான். இரண்டும் ஒருவர் கண்ணுக்குப் படாமல் வழியை முடிவு செய்தன என்பது மட்டும் பொருந்துகிறது.

மறுபடியும் நிலையங்களுக்கு வருவோம். பெயர் பெற்ற நிலையங்களில் ‘வெல்பெக்’ ஒரு துயர நிகழ்ச்சியால் நினைக்கப்படுகிறது. 1935ஆம் ஆண்டு நவம்பரில் விம்போல் வீதியில் ஒரு வீடு தீப்பற்றிற்று. எதிரில் இருந்த ஒருவர் தீயணைப்போரை அழைக்கக் கருவியை எடுத்தார். வெல்பெக் நிலையத்தில் அவர் அழைப்பு மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. அத்தீயில் ஐந்து பெண்கள் மாண்டனர். அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் நாட்டை உலுக்கிற்று. தீ என்று கத்துபவனையும், தேநீருக்கு வா என்று அழைப்பவனையும் பலகைமுன் இருப்பவர் வேறு பிரித்தறிய வழியில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. 1937ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் இலண்டனில் 999 என்னும் அபாய எண் வந்தது. அதைச் சுழற்றியவுடன் நிலையத்தில் மணி அலறி, செவ்விளக்கு எரியும். 9ஆம் துளையின் எழுத்துகளான டபிள்யூ, எக்ஸ், ஒய் மட்டுமே கொண்டு தொடங்கும் ஊர்ப்பெயர் ஏதும் இல்லையாதலின் அவ்வெண்ணோடு எந்த நிலையத்தின் பெயரும் மோதவில்லை. நம் மலேசியாவிலும் பின்னர் அதே 999 வழங்கலாயிற்று. சிங்கையில் போலீசை அழைப்பதும் அதனாலேதான். ஆபத்தில் அவ்வெண்ணை அழுத்தும் நம்மவர் எவரும் விம்போல் வீதியை அறியார்.

வெல்பெக் நிகழ்ச்சிக்கு மறு ஆண்டில், 1936 சூலையில், இன்னொரு புதுமை வந்தது. டி, ஐ, எம் என்னும் மூன்றெழுத்தைச் சுழற்றினால் ஒரு பெண்குரல் மணி சொல்லும். ஆங்கிலத்தில் காலம் என்னும் சொல்லின் முதல் மூன்றெழுத்துகள் அவை. மக்கள் அதனை ‘டிம்’ என்று ஆள் பெயர் போலவே அழைத்தனர். குரல் கொடுத்தவர் எத்தல் கேன் என்னும் டெலிபோன் நிலையத்துப் பெண்; போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நடுவர்களில் ஒருவர் அரசவைக் கவிஞர் ஜான் மேஸ்ஃபீல்டு. நேரம் சொல்லும் குரலைத் தேர ஒரு கவிஞரை அழைத்தது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஸ்காட்லாந்து யார்டு என்னும் போலீஸ் தலைமையகத்தின் எண் ‘ஒயிட்ஹால் 1212’. துப்பறியும் கதை படித்தோர் அனைவரும் அறிந்தது அது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் பெயர்களுக்கு இதே பெருமை. நியூயார்க்கில் பென்சில்வேனியா ஹோட்டலின் எண்ணையே தலைப்பாக்கி 1940இல் கிளென் மில்லரின் இசைக்குழு ஒரு பாட்டை உலகெங்கும் பரப்பிற்று. பாரிசில் 1928 முதல் தானியங்கி நிலையங்கள் வந்தபோது, பால்சாக் என்றும் தாந்தோன் என்றும் எழுத்தாளரையும் புரட்சியாளரையும் பிரெஞ்சுக்காரர் சுழற்றினர்.

ஏன் இவையெல்லாம் மறைந்தன? முதற்காரணம் பெயர்ப் பஞ்சம். டெலிபோன் பெருகப் பெருக நிலையங்கள் பெருகின. ஒன்றோடொன்று மோதாத, சொன்னால் விளங்குகின்ற, எழுத்துப் பிழையின்றி எழுதத்தக்க பெயர்கள் தீர்ந்துபோயின. எண்களுக்கோ அத்தடை இல்லை. எந்தச் சொல்லும் தாராத மூவெண் கூட்டங்கள் பயனின்றிக் கிடந்தன. இரண்டாவது காரணம் நாடுகள் நெருங்கியமை. 1963இல் இலண்டன் மக்கள் நிலையத்தாரின் உதவியின்றித் தாமே பாரிசுக்குச் சுழற்றலாயினர். நாட்டுக்கு நாடு சுழல்வட்டின் எழுத்துகள் வேறுபட்டன. ஆங்கிலேயர் ஓ எழுத்தைச் சுழியில் வைத்திருந்தனர். அமெரிக்கர் 6இல் வைத்திருந்தனர். ஹோல்போர்னை நியூயார்க்கின் வட்டில் சுழற்றினால் 465 ஆகும். வேறெங்கோ மணி அடிக்கும். எழுத்துகள் இல்லாத வட்டுகளைக் கொண்ட நாடுகளும் உண்டு. 2 என்பதோ எங்கும் 2. பாரிஸ் 1963இல் பெயர்களைக் கைவிட்டது. இலண்டனில் 1966இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் முடிந்தது.

அமெரிக்காவில் மக்கள் எளிதில் விடவில்லை. 1962இல் சான் பிரான்சிஸ்கோவில் எண்மயத்தை எதிர்த்து ஒரு சங்கமே தோன்றிற்று. மொழியியல் அறிஞர் ஹயகாவா அதில் சேர்ந்திருந்தார்; பின்னாளில் அமெரிக்க மேலவை உறுப்பினரானவர் அவர். மனிதனின் நினைவு இயந்திரத்துக்காக வளைய வேண்டுமா, இயந்திரம் மனிதனுக்காக வளைய வேண்டுமா என்பதே அவர்கள் வாதத்தின் உட்கிடை. தோற்றனர். எனினும் அவர்களைப் பழமைவாதிகள் என்று தள்ளிவிட நமக்கு மனம் இல்லை.

நம் நிலைதான் யாது என்று வாசகர் கேட்கலாம். மேஃபேர் என்னும் மிடுக்கு ஒழிந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. எண்ணுக்குக் குலம் இல்லை என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். ஆயின் நடந்ததைக் கேளுங்கள். 1990ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், இலண்டனுக்கு வழங்கிய 01 என்னும் ஒரே குறியீடு இரண்டாகப் பிளக்கப்பட்டது. உள்நகருக்கு 071, புறநகருக்கு 081. உடனே 081 வாய்த்தவர் பலர் முகம் வாடினர். 071 உடையோர் நிமிர்ந்தனர்! பெயரை எடுத்துவிட்டால் ஏற்றத்தாழ்வு போய்விடும் என்று நினைத்தோம். அது எண்ணிலும் ஏறி அமர்ந்துகொண்டது. குறியீடுகள் 1995இலும் 2000த்திலும் மறுபடி மாறின. இப்போது நகர் முழுவதற்கும் 020 ஒன்றே. அதன் பின்வரும் 7ஐயும் 8ஐயும் குறியீட்டோடு சேர்த்துச் சொல்லி, உள்நகர் புறநகர் என்று பிரித்துப் பார்ப்போர் இன்னும் உளர்.

பெயர்களின் மறைவிலும் ஒரு வியப்பு உண்டு. அவற்றில் பல முற்றும் மறையவில்லை. வேடம் பூண்டு திரிகின்றன. 1966க்குப் பின் எழுத்தை மட்டும் நீக்கி, அதே மூன்று இலக்கங்களைப் பல நிலையங்களுக்கு அப்படியே விட்டுவைத்தனர். இலண்டன் எண் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் நம் வாசகர், 020க்கும் 7க்கும் பின்னுள்ள மூன்று இலக்கங்களைப் பார்க்கட்டும். 629 ஆயின் அது மேஃபேர். 734 ரீஜண்ட். 229 பேஸ்வாட்டர். 353 என்றால் பத்திரிகைகளின் பழைய வீதியான ஃபிளீட் வீதி. 352 சிற்பி ஃபிளாக்ஸ்மன். 485 என்று கண்டால் கென்டிஷ் டவுனில் கலிவர் இன்னும் தங்கியிருக்கிறார். 935 வெல்பெக், விம்போல் வீதியின் அருகே இன்றும் அது ஒலிக்கிறது. ஸ்காட்லாந்து யார்டு ஒயிட்ஹாலை இழந்து 230 என்னும் எண்ணுக்கு மாறியபோதும் 1212 என்னும் வாலை விடவில்லை.

இவற்றுள் மிக விந்தையானது ஒன்று. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் பெயரால் அமைந்த நிலையம் ‘ஆபி’; ஏ, பி, பி; 222. இலண்டன் பஸ்களையும் நிலத்தடி இரயிலையும் நடத்தியோர் பயணிகளுக்கு வழி சொல்ல வைத்திருந்த எண் ஆபி 1234. எழுத்து போனபின் அது 222 1234 ஆயிற்று. அதன் முன்னே 01 வந்தது, 071 வந்தது, 0171 வந்தது, 020 7 வந்தது. இப்போது அந்த எண்ணுக்கு முன்னே நிற்பது 0343 என்னும் குறியீடு; அது இலண்டனுக்கும் உரியதன்று, எந்த ஊருக்கும் உரியதன்று. அங்கே மணி அடிக்கும் மேசை எந்த நகரிலும் இருக்கலாம். ஆயினும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க விரும்பும் இலண்டன்வாசி, 0343க்குப் பின் இன்றும் 222 என்று மூன்று முறை அழுத்துகிறான். ஏ, பி, பி.